ஒரு டிஸ்க் செத்தால்? ரெய்ட் என்ற ஏற்பாடு வந்த கதை



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நம்பிக்கையாளர் சபையிலுள்ள ஒரு ஹாஜியார் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பள்ளிவாசலில் இருக்கும் பழைய நிக்காஹ் பதிவேடுகளையும் ஜனாஸாப் பதிவேடுகளையும் ஸ்கேன் பண்ணி ஒரு கணனியில் வைக்கப் போகிறார்களாம். அதற்குக் கொட்டேஷன் வந்திருக்கிறது. அதில் "4 டிஸ்க், ரெய்ட் 5" என்று போட்டிருக்கிறது. "சேர், நாலு டிஸ்க் போட்டா ஒண்டுமே அழியாதாமே, மெய்யா?" என்று கேட்டார்.

நடுவெயிலில் நின்று சொல்லக்கூடிய பதில் இல்லை அது. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பதிவு நீளமானது, தேத்தண்ணி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். கணனி தெரியாதவர்களுக்கும் விளங்கும்படிதான் எழுதியிருக்கிறேன். இடையில் என்னுடைய பிழை ஒன்றையும் சொல்லப்போகிறேன். அது சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது.

முதலில் பெயர். ரெய்ட் என்றதும் பொலிஸ் ரெய்ட் ஞாபகம் வருவது நமக்கு இயல்பு. இது வேறு. பல வன்தட்டுகளை ஒன்றாகக் கட்டி, கணனிக்கு ஒரே தட்டுப்போலக் காட்டும் முறைக்கு வைத்த சுருக்கப் பெயர். ஒன்று பழுதானாலும் உள்ளே இருப்பது போய்விடக்கூடாது என்பதுதான் நோக்கம். இதைத் தனியான ஒரு கார்ட் மூலமும் செய்யலாம், கணனியிலுள்ள மென்பொருளாலேயே செய்யலாம். இரண்டாவதைத்தான் மென்பொருள் ரெய்ட் என்பார்கள்.

வன்தட்டின் கதை ஒரு பள்ளிக்கூட ஆசிரியரில் இருந்து தொடங்குகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ரெனோல்ட் ஜோன்சன் என்பவர் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் அயன்வுட் என்ற ஊரில் உயர்தரப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவர். வினாத்தாள் திருத்திக் களைத்துப்போய், பென்சில் அடையாளத்தில் மின்சாரம் ஓடும் என்ற எளிய உண்மையை வைத்து, விடைத்தாள் திருத்தும் பொறி ஒன்றைச் செய்தார். ஐ.பி.எம். கொம்பனி அந்த யோசனையை வாங்கி, 1934இல் ஆளையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. இன்று நம் பிள்ளைகள் பல்தேர்வு வினாக்களுக்குக் கட்டம் நிரப்புகிறார்களே, அந்தப் பரம்பரையின் மூத்தவர்களில் அவர் ஒருவர். (விடைத்தாள் கட்டுகளோடு விடுமுறையைக் கழிக்கும் நம் ஆசிரியர்களுக்கு இதில் ஏதோ செய்தி இருக்கிறது. என்ன செய்தி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.)

அதே ஜோன்சனை 1952இல் ஐ.பி.எம். கலிபோர்னியாவின் சான் ஹொசே நகருக்கு அனுப்பியது. அங்கே அவர் தலைமையில் உருவானதுதான் உலகில் விற்பனைக்கு வந்த முதல் வன்தட்டு. 1956 செப்டெம்பரில் ராமக் என்ற கணனியோடு அது அறிமுகமானது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. நிறை ஒரு தொன்னுக்கு மேல். கொள்ளளவு 50 இலட்சம் எழுத்துகள். இன்று உங்கள் கைபேசியில் எடுக்கும் ஒரு படம் ஏறக்குறைய அதையே நிரப்பிவிடும். அந்தக் கணனித் தொகுதியை வாடகைக்கு எடுக்க மாதம் 3,200 டொலர்.

அதற்குப் பின் முப்பது வருடங்கள் பெரிய கணனிகளின் உலகம் ஒரே பாதையில் போனது. தரவு கூடினால் தட்டைப் பெரிதாக்கு, நல்ல பொருளைப் போடு, விலையைக் கூட்டு. வங்கிகள், விமான நிறுவனங்கள், அரசாங்கங்கள் எல்லாம் அலுமாரி அளவு வன்தட்டுகளை வாங்கின. அவை பழுதாகாமல் இருக்கப் பணத்தைக் கொட்டினார்கள்.

பழுதாகும் என்பதை ஒப்புக்கொண்டவர்களும் இருந்தார்கள். 1974இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டேண்டம் என்ற கொம்பனி 1976இல் தன் முதல் கணனியை விற்றது. அதில் முக்கியமான பாகங்கள் எல்லாம் இரண்டிரண்டு. தட்டும் இரண்டு. எழுதுவதெல்லாம் இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது வேலையைத் தொடரும். கண்ணாடியில் பிம்பம் விழுவதுபோல என்பதால் இதற்குக் கண்ணாடி முறை என்று பெயர் வந்தது. நல்ல முறைதான், ஆனால் எல்லாவற்றுக்கும் இரட்டிப்புச் செலவு. அலுமாரி அளவு தட்டு இரண்டு வாங்க வங்கிகளால்தான் முடியும்.

1978இல் ஐ.பி.எம். கொம்பனியைச் சேர்ந்த நோர்மன் கென் ஊச்சி என்பவருக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. பழுதான ஒரு நினைவகத்தில் இருந்ததை மற்றவற்றிலிருந்து மீட்கும் முறை அது. முழுப் பிரதி தேவையில்லை, கொஞ்சம் மேலதிக இடம் போதும். இந்த இடத்தை நிதானமாக வாசியுங்கள், மீதி எல்லாம் இதில்தான் நிற்கிறது.

ஒரு பிள்ளையின் நான்கு பாடப் புள்ளிகளும் மொத்தமும் புள்ளிப் பதிவேட்டில் இருக்கின்றன. ஒரு பாடத்தின் புள்ளியில் தேத்தண்ணி ஊற்றுப்பட்டு அழிந்துவிட்டது. ஆசிரியர் பயப்பட மாட்டார். மொத்தத்திலிருந்து மற்ற மூன்றையும் கழித்தால் அழிந்தது வந்துவிடும். இரண்டு புள்ளிகள் அழிந்தால்தான் கஷ்டம்.

கணனியில் இருப்பது 1உம் 0உம் மட்டும் என்பதால் மொத்தம் போடுவது இன்னும் இலேசு. மூன்று தட்டுகளில் ஒரே இடத்தில் 1, 0, 1 இருக்கிறது என்று வையுங்கள். நான்காவது தட்டில் என்ன எழுதுவது? நான்கிலும் சேர்த்து 1களின் எண்ணிக்கை இரட்டையாக வரவேண்டும் என்பது விதி. ஏற்கெனவே இரண்டு 1கள், ஆகவே நான்காவதில் 0. அடுத்த இடத்தில் 1, 1, 1 இருந்தால் மூன்று 1கள், ஆகவே நான்காவதில் 1. இப்போது இரண்டாவது தட்டு செத்துப்போனது. முதல் இடத்தில் மிஞ்சியிருப்பது 1, 1, 0. எண்ணிக்கை இரட்டைதான், அப்படியென்றால் தொலைந்தது 0. அடுத்த இடத்தில் மிஞ்சியது 1, 1, 1. எண்ணிக்கை ஒற்றை, அப்படியென்றால் தொலைந்தது 1. இப்படிக் கோடிக்கணக்கான இடங்களுக்குச் செய்தால் செத்த தட்டு முழுவதையும் புதிய தட்டில் எழுதி எடுத்துவிடலாம். இந்த மேலதிக எண்ணுக்குச் சமநிலை எண் என்று சொல்லலாம். தரம் 6 பிள்ளைக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கக்கூடிய கணக்கு இது.

இனிக் கதையின் நடுப்பகுதி. 1980களில் மேசைக் கணனிகள் பரவின. அவற்றுக்கென்று சிறிய, மலிவான தட்டுகள் கடைக்கு வந்தன. கலிபோர்னியாவில் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பெட்டர்சன், ராண்டி காட்ஸ் என்ற இரு பேராசிரியர்களும் அவர்களின் ஆராய்ச்சி மாணவர் கார்த் கிப்சனும் ஒரு கேள்வியைப் பிடித்தார்கள். பெரிய தட்டு ஒன்றுக்குப் பதிலாகச் சின்னத் தட்டுகள் பல போட்டால் என்ன?

1987 டிசம்பரில் அறிக்கையாகவும், 1988 ஜூனில் சிக்காகோவில் நடந்த தரவுத்தள மாநாட்டில் கட்டுரையாகவும் அது வெளிவந்தது. மலிவுத் தட்டுகளின் மேலதிகத் தொகுதி என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ரெய்ட் என்று பெயர் வைத்தார்கள். பெரிய தட்டுக்கும் ஒரு கேலிப் பெயர் வைத்தார்கள்: ஒற்றைப் பெரிய விலையுயர்ந்த தட்டு.

ஒப்பீட்டைப் பாருங்கள். ஐ.பி.எம். 3380 வகைப் பெரிய தட்டு 7,500 மெகாபைட் கொள்ளும், 24 கன அடி இடத்தை அடைக்கும், 6,600 வொட் மின்சாரம் குடிக்கும். மேசைக் கணனிக்கான கொனர் கொம்பனியின் சின்னத் தட்டு 100 மெகாபைட், 10 வொட். சின்னது 75 சேர்த்தால் பெரியதின் கொள்ளளவு வந்துவிடும், மின்சாரமோ 750 வொட்தான். 75 தட்டுகளும் ஒரே நேரத்தில் வாசிப்பதால் வேகம் பல மடங்கு.

இவ்வளவு நல்ல யோசனையை ஏன் யாரும் முதலே செய்யவில்லை? காரணத்தை அதே கட்டுரை ஒளிக்காமல் சொல்கிறது. சின்னத் தட்டு ஒன்றின் சராசரி ஆயுள் 30,000 மணித்தியாலம், மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேல். 100 தட்டு வைத்தால் அவற்றில் ஏதோ ஒன்று சராசரியாக 300 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சாகும். 300 மணித்தியாலம் என்றால் பன்னிரண்டரை நாள். இரண்டு கிழமைகூட இல்லை. ஒன்று செத்தாலும் முழுத் தரவும் போகும் என்றால் எந்த வங்கி இதை வாங்கும்?

அங்கேதான் சமநிலை எண் உதவிக்கு வந்தது. 100 தட்டுகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு மேலதிகத் தட்டைச் சேர்த்தார்கள். மொத்தம் 110. கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 110 தட்டில் ஏதோ ஒன்று சுமார் 273 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சாகும். செத்ததை ஒரு மணித்தியாலத்துக்குள் மாற்றிவிடுகிறோம் என்று வையுங்கள். அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அதே குழுவில் மிஞ்சியுள்ள 10 தட்டுகளில் இன்னொன்று சாகும் வாய்ப்பு 3,000இல் ஒன்று. ஆகவே தரவு உண்மையில் தொலைவது 273ஐ 3,000ஆல் பெருக்கிய அளவு காலத்துக்கு ஒருமுறை. சுமார் 818,000 மணித்தியாலம், 90 வருடத்துக்கு மேல்! பன்னிரண்டரை நாள் தொண்ணூறு வருடமானது, பத்துக்கு ஒரு தட்டு கூடுதலாகப் போட்டதால் மட்டும்.

அந்தக் கணக்கில் "ஒரு மணித்தியாலத்துக்குள் மாற்றிவிடுகிறோம்" என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. வாசிப்பவர்கள் எல்லோரும் தாண்டிப் போகும் இடம் அதுதான். நானும் தாண்டிப் போனேன். மாற்றுவதற்கு 100 மணித்தியாலம், நாலு நாள், எடுத்தால் என்னாகும்? வாய்ப்பு 3,000இல் ஒன்றாக இருந்தது 30இல் ஒன்றாகிறது. 90 வருடம் என்பது பதினொரு மாதமாகச் சுருங்குகிறது. தட்டு அதே தட்டு, கட்டு அதே கட்டு. மாறியது மனிதனின் கவனம் மட்டும்.

கட்டுரையில் ஐந்து முறைகள் இலக்கமிட்டுச் சொல்லப்பட்டன. முதலாவது, டேண்டம் செய்த கண்ணாடி முறை. இரண்டும் மூன்றும் இன்று பாடப்புத்தகத்தில்தான் இருக்கின்றன. நான்காவதில் சமநிலை எண்கள் எல்லாம் ஒரே தட்டில் இருக்கும், எங்கே என்ன எழுதினாலும் அந்தத் தட்டுக்குப் போயாக வேண்டும் என்பதால் அங்கே நெரிசல். ஐந்தாவதில் சமநிலை எண்களை எல்லாத் தட்டுகளுக்கும் பங்கிட்டார்கள், நெரிசல் தீர்ந்தது. ஹாஜியாரின் கொட்டேஷனில் இருந்த ரெய்ட் 5 இதுதான். பின்னாளில் இரண்டு தட்டு செத்தாலும் தாங்கும் ஆறாவது வந்தது. பாதுகாப்பே இல்லாமல் வேகத்துக்கு மட்டும் தட்டுகளை இணைப்பதற்கு பூச்சியம் என்று இலக்கம் போட்டார்கள். பொருத்தமான இலக்கம்.

பேர்க்லிக்காரர்கள் எழுதியதோடு நிற்கவில்லை. 1989இல் சன் நிறுவனத்தின் கணனி ஒன்றில் 28 தட்டுகளைப் பொருத்தி, தரவைப் பிரித்து எழுதும் மென்பொருளையும் செய்து ஓட்டிக் காட்டினார்கள். கொம்பனிகளும் பாய்ந்து வந்தன. இ.எம்.சி. என்ற நிறுவனம் 1990இல் சின்னத் தட்டுகளை அடுக்கிய பெட்டியை விற்று, ஐ.பி.எம். கொம்பனியின் கோட்டைக்குள்ளேயே புகுந்தது. பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. ரெய்ட் என்ற சொல்லில் "மலிவு" என்பதற்கு நின்ற எழுத்துக்கு விற்பனையாளர்கள் "தனித்தனி" என்று புது விரிவு கொடுத்துவிட்டார்கள். பெரும் விலைக்கு விற்கும் பெட்டியின் பெயரில் மலிவு என்ற சொல் இருந்தால் வியாபாரத்துக்கு அழகில்லை அல்லவா?

மலிவை மீட்டுக் கொடுத்தவர்கள் லினக்ஸ்காரர்கள். 1990களில் ரெய்ட் வேண்டுமென்றால் விலைகூடிய கார்ட் வாங்க வேண்டும், சமநிலைக் கணக்கை அந்தக் கார்ட்டில் உள்ள சில்லு போடும். 1990களின் நடுப்பகுதியில் மார்க் சிங்கியே என்பவர் லினக்ஸுக்குள் பல தட்டுகளை ஒன்றாக்கும் பகுதியை எழுதினார். இங்கோ மோல்னார், மிகெல் தெ இக்காசா, காடி ஒக்ஸ்மன் ஆகியோர் கண்ணாடி முறையையும் சமநிலை முறைகளையும் சேர்த்தார்கள். ஆரம்பத்தில் தட்டுகளின் பட்டியலை ஒரு கோப்பில் கையால் எழுதவேண்டும், ஒரு எழுத்துப் பிழைத்தால் ஆபத்து. 2001இல் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த நீல் பிரவுன், எம்டிஅட்ம் என்ற கருவியை எழுதினார். இன்றும் உலகம் முழுக்க லினக்ஸ் கணனிகளில் மென்பொருள் ரெய்ட் அமைப்பவர்கள் பிடிப்பது அதைத்தான். விலை இல்லை.

கார்ட்டை விட மென்பொருளை நான் விரும்புவதற்குக் காரணம் விலை மட்டுமல்ல. கார்ட் செத்தால் அதே வகைக் கார்ட் தேடவேண்டும். பத்து வருடம் கழித்து நம்மூரில் எங்கே தேடுவது? மென்பொருள் ரெய்டில், எந்தத் தட்டு எந்தக் கட்டுக்கு உரியது, எத்தனையாவது என்ற குறிப்பு ஒவ்வொரு தட்டிலும் எழுதப்பட்டிருக்கும். கணனி எரிந்துபோனாலும் தட்டுகளைக் கழற்றி வேறொரு லினக்ஸ் கணனியில் மாட்டினால் கட்டு தன்னைத்தானே அடையாளம் சொல்லும்.

இனி என் கதை.

2018, 2019இல் எங்கள் பிள்ளைகள் ஊர் மூத்தவர்களின் குரலைப் பதிவு செய்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 23 பேர். 1978 சூறாவளி அடித்த இரவைப் பற்றி, தோணியில் போன காலத்தைப் பற்றி, வயல்வெட்டுப் பாட்டுகள், பழைய கலியாணங்கள், 2004இல் கடல் வந்த காலை. பதிவுகளோடு பழைய படங்களையும் சேர்த்து ஒரு லினக்ஸ் கணனியில் வைத்தேன். இரண்டு தட்டு, கண்ணாடி முறை. நானே அமைத்தேன், ஒரு பின்னேரத்தில். இரண்டு தட்டையும் தேர்ந்து கட்டைத் தொடங்கும் ஒரு வரிக் கட்டளை, ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பிரதி ஏறும் வீதம் திரையில் ஓடியது, நூறு வீதம் வந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் பெருமையாக வீட்டுக்குப் போனேன்.

நான் செய்யாமல் விட்டவை மூன்று. இரண்டு தட்டையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே வகையில் வாங்கினேன். எச்சரிக்கை அனுப்பவேண்டிய மின்னஞ்சல் முகவரியை அமைப்புக் கோப்பில் எழுதவில்லை, பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். வேறிடத்தில் மூன்றாவது பிரதி வைக்கவில்லை, அதுதான் கண்ணாடி இருக்கிறதே என்ற தைரியம்.

2022 மார்ச் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கணனியின் யூ.பி.எஸ். பற்றரி பழசு. மின்சாரம் வரும், போகும், வரும். அந்த மார்ச்சிலேயே ஒரு தட்டு கட்டிலிருந்து விழுந்துவிட்டது. கணனி நின்றதா? இல்லை. சத்தம் போட்டதா? இல்லை. மற்றத் தட்டோடு வேலையைத் தொடர்ந்தது, அதைத்தான் செய்யச்சொல்லி அமைத்திருந்தேன். பிள்ளைகள் கோப்புகளைத் திறந்தார்கள், எல்லாம் திறந்தது. நவம்பரில் ஒரு காலை எதுவும் திறக்கவில்லை. பிறகு பதிவுக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தபோதுதான் முதல் தட்டு எப்போது செத்தது என்ற திகதியைக் கண்டேன். எட்டு மாதம். பேர்க்லிக் கணக்கில் ஒரு மணித்தியாலம் என்றிருந்த இடத்தில் நான் எட்டு மாதம் எடுத்திருக்கிறேன்.

தட்டைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்தோம். கொஞ்சப் படங்கள் வந்தன. ஒலிப்பதிவுகளில் ஒன்பது பேருடையது, அப்போது பதிவு செய்த மாணவர்களின் கைபேசிகளில் இருந்து கிடைத்தது. 14 பேரின் குரல் இன்றுவரை இல்லை. அவர்களில் பலர் இப்போது மர்ஹூம்கள். ஒருவருடைய மகள் என்னிடம் வந்து வாப்பாவின் குரலைக் கேட்கலாமா என்று கேட்ட நாளை நான் இங்கே எழுதப்போவதில்லை.

இந்த விஷயத்தில் நான் தனியாள் இல்லை என்பதைப் பிறகு வாசித்து அறிந்தேன். 2007இல் பியங்கா ஷ்ரோடர் என்ற ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கூட எழுதியவர் யார் என்று பாருங்கள்: கார்த் கிப்சன். 1988இல் 90 வருடக் கணக்கில் பங்கெடுத்த அதே ஆள், 2007இல் பேராசிரியராக இருந்தார். சுமார் ஒரு இலட்சம் தட்டுகளின் உண்மையான பழுதுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். விற்பவரின் தாளின்படி வருடத்துக்கு 0.88 வீதத்துக்கு மேல் சாகக்கூடாது. உண்மையில் 2 முதல் 4 வீதம் சாதாரணம், சில இடங்களில் 13 வீதம் வரை மாற்றவேண்டி வந்திருக்கிறது. இன்னொன்றும் கண்டார்கள். தட்டுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சாவதில்லை, ஒன்று செத்தால் அடுத்தது சாகும் வாய்ப்பு கூடுகிறது. ஒரே அறை, ஒரே சூடு, ஒரே மின்வெட்டு என்றால் கூடாமல் என்ன செய்யும்? தன் பழைய கணக்கின் அடிப்படையைத் தானே திரும்பவும் சோதித்துப் பார்த்த கிப்சனில் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

தட்டுகள் பெருத்ததும் ஐந்தாம் முறைக்கு இன்னொரு சிக்கல் வந்தது. 4 டெராபைட் தட்டு நான்கு போட்டு ரெய்ட் 5 அமைத்தால் 12 டெராபைட் இடம் கிடைக்கும். ஒன்று செத்தால் அதை மீட்க மற்ற மூன்றையும், முழு 12 டெராபைட்டையும், ஓர் எழுத்து விடாமல் வாசிக்கவேண்டும். பல மணித்தியால வேலை. சாதாரண வகைத் தட்டுகளின் தாளில் ஏறக்குறைய 12.5 டெராபைட் வாசித்தால் ஓரிடம் வாசிக்கமுடியாமல் போகலாம் என்றுதான் போட்டிருக்கும். நடைமுறையில் பெரும்பாலும் அதைவிட நல்லாக ஓடும். ஆனாலும் மிஞ்சிய தட்டுகள் கிழடாகி, கடும் வேலை செய்யும் நேரத்தில்தான் அந்தச் சோதனை வருகிறது. பெரிய தட்டுகளுக்கு ஆறாம் முறையை ஆட்கள் சொல்வது இதனால்தான். மின்வெட்டுக்கும் ரெய்ட் 5க்கும் தனிப் பகை உண்டு. தரவை எழுதி, சமநிலை எண்ணை எழுதுவதற்குள் மின்சாரம் போனால் இரண்டும் ஒத்துவராது. அது அப்போது தெரியாது, பிறகு ஒரு தட்டு செத்து மீட்கும்போது பிழையான எழுத்து வரும். சன் நிறுவனத்தின் ஜெஃப் பொன்விக்கும் மெத்யூ அஹ்ரென்ஸும் 2001இல் தொடங்கி 2005இல் வெளியிட்ட இசட்.எஃப்.எஸ். இந்த ஓட்டையை அடைப்பதை ஒரு நோக்கமாகவே வைத்திருந்தது.

ஆகவே ஹாஜியாருக்கு என் பதில் இது.

நாலு டிஸ்க் வேண்டாம். நமது பதிவேடுகள் எல்லாம் ஸ்கேன் பண்ணினாலும் ஒரு தட்டில் பாதிகூட நிரம்பாது. அந்தக் கொட்டேஷன் ஒரு பெரிய ஒபிஸுக்கு உரியது. இரண்டு தட்டு, கண்ணாடி முறை, லினக்ஸ் மென்பொருள் ரெய்ட் போதும். இரண்டையும் வேறு வேறு கொம்பனியில், வேறு வேறு மாதத்தில் வாங்குங்கள். மிஞ்சும் காசில் நல்ல யூ.பி.எஸ். ஒன்றும், வெளியே வைக்கும் தட்டு இரண்டும் வாங்கலாம். வெளித்தட்டு ஒன்று பாடசாலையில் இருக்கட்டும், மற்றது கடலிலிருந்து தூரத்தில் உள்ள ஒரு வீட்டில். 2004இல் நனைந்த பதிவேடுகளை வெயிலில் ஒவ்வொரு தாளாகக் காயவைத்தவர்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் காரணம் சொல்லத் தேவையில்லை.

ரெய்ட் இருந்தால் வெளிப்பிரதி எதற்கு என்று கேட்பார்கள். யாராவது தவறிப்போய் ஒரு கோப்பை அழித்தால் ரெய்ட் அதை இரண்டு தட்டிலும் ஒழுங்காக அழிக்கும். வைரஸ் வந்து பூட்டினால் இரண்டிலும் பூட்டும். ஒன்றில் நடப்பது மற்றதிலும் நடக்கவேண்டும் என்பதுதானே அதன் வேலை.

அமைக்கும் நாளில் நான் வருகிறேன், தரம் 12 பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டி வருகிறேன். கட்டு அமைத்து நூறு வீதம் வந்ததும் யாரும் கைதட்டவேண்டாம். முதலில் எச்சரிக்கை முகவரியை எழுதுவோம், ஒன்றல்ல, மூன்று பேருடையது. பிறகு வேண்டுமென்றே ஒரு தட்டைக் கழற்றுவோம். மூன்று கைபேசிக்கும் எச்சரிக்கை வருகிறதா என்று பார்ப்போம். புதிய தட்டைச் சேர்த்து, மீண்டு வருகிறதா என்று பார்ப்போம். வந்த பிறகுதான் முதல் பதிவேட்டை ஸ்கேன் பண்ணுவது. அதற்குப் பின் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை ஒருவர் போய்க் கட்டின் நிலையைப் பார்த்து, பக்கத்தில் தொங்கும் கொப்பியில் கையெழுத்து வைக்கவேண்டும். கொப்பி என்றால் காகிதக் கொப்பிதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2018, 2019இல் அந்தப் பதிவு வேலையில் இருந்த பிள்ளைகள் இப்போது கட்டாரிலும் கொழும்பிலும் பல்கலைக்கழகங்களிலும் இருக்கிறீர்கள். உங்கள் பழைய கைபேசி, மெமரி கார்ட், பென்டிரைவ் ஏதாவது வீட்டு அலுமாரியில் கிடந்தால் உம்மாவிடம் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். உடைந்த கைபேசியாக இருந்தாலும் பரவாயில்லை, வீசவேண்டாம். நான் வந்து எடுத்துக்கொள்கிறேன். இன்னும் 14 பேர் இருக்கிறார்கள்.